பங்கு ஒன்றுக்கு 43 சென்ட்: சுற்றுச்சூழல் அறிக்கைகளின் முன்னிலை யார்?

1

யூனியன் கார்பைடு கம்பெனி தனது 1988ஆம் ஆண்டறிக்கையில் பங்குதாரர்களுக்கு ஒரு நல்ல சேதி சொன்னது. கம்பெனியின் 71 ஆண்டு வரலாற்றில் இதுதான் ஆகச் சிறந்த ஆண்டு. பங்கு ஒன்றுக்கு 4 டாலர் 88 சென்ட் வருவாய். போபால் வழக்குத் தீர்வுக்காக ஆண்டுக் கடைசியில் எழுதிய 43 சென்ட்டைக் கழித்த பிறகும் இவ்வளவு. சேதி அவ்வளவுதான்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவையொட்டி ஏறத்தாழ 40 டன் மெதில் ஐசோசயனேட் போபாலின் குடிசைப் பகுதிகளுக்குள் இறங்கியது. உடனடிச் சாவு என்று மத்தியப் பிரதேச அரசு ஒப்புக்கொண்ட கணக்கு 3,787. பாதிக்கப்பட்டோர் 5,58,125 பேர் என்றது அரசு 2006இல் கொடுத்த பிரமாணப் பத்திரம். 1989 பிப்ரவரி 14 அன்று உச்சநீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. காப்பீட்டுப் பணமும் முன்பே ஒதுக்கிவைத்திருந்ததும் போக மிச்சத்தை மொத்தப் பங்குகளால் வகுத்தால் வருவதுதான் அந்த 43 சென்ட். உடன்பாட்டுச் சேதி கேட்டு நியூயார்க் சந்தையில் கார்பைடு பங்கின் விலை ஏறியது.

அந்த ஆண்டறிக்கை வாக்கியத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். அதில் போபால் ஓர் ஊர் அல்ல. வழக்குக்கு முன்னால் நிற்கிற அடைமொழி. செத்தவர்கள் எழுவாயாகவும் இல்லை, செயப்படுபொருளாகவும் இல்லை. கொன்றது யார் என்ற கேள்விக்கு வாக்கிய அமைப்பிலேயே இடம் கிடையாது. தீர்ந்தது வழக்கு. தீர்ந்துவிட்டது என்று யாரிடம் சொல்லப்படுகிறது? பங்கு வைத்திருப்பவரிடம். அவர்தான் இந்தப் பிரதியின் முன்னிலை. போபால்காரர்கள் படர்க்கை. படர்க்கைகூட முழுசாக இல்லை, பின்னத்தில் கரைந்துபோன படர்க்கை.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த வாக்கியம் பொய் அல்ல என்பது. தணிக்கையாளர் எவரும் இதில் குற்றம் காண முடியாது. கம்பெனிகளின் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பற்றி நம் பக்கத்தில் எழுதப்படுகிற விமர்சனங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கின்றன: அறிக்கை பொய் சொல்கிறது, பச்சைச் சாயம் பூசுகிறது, உண்மையை மறைக்கிறது. மறைக்கிறார்கள்தான், யார் இல்லை என்றது? ஆனால் மறைக்காமல், எண் பிசகாமல் எழுதப்பட்ட ஓர் அறிக்கையும் ஒரு நகரத்தை 43 சென்ட்டாக்கிவிட முடியும் என்றால், நம் கேள்வி உண்மையா பொய்யா என்பதோடு முடிந்துவிடக் கூடாது. யார் யாரிடம் சொல்வது என்ற கேள்வியைச் சேர்த்தாக வேண்டும்.

2

சுற்றுச்சூழல் விவரங்களை வெளியிடுகிற கம்பெனி நிதி ரீதியாக நன்றாக இருக்கிறதா? இந்த ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு கணக்கியல் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தனி ஆய்வு மரபே நடந்துவருகிறது. பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

1982இல் வைஸ்மன் என்ற ஆய்வாளர் எஃகு, எண்ணெய், காகிதத் தொழில்களைச் சேர்ந்த 26 அமெரிக்கக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சுற்றுச்சூழல் பற்றி எழுதியிருப்பதை அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்தார். பிறகு, சுயேச்சையான ஓர் அமைப்பு அதே கம்பெனிகளின் நிஜமான மாசு நடத்தைக்குக் கொடுத்திருந்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டார். எழுதியதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை. 2002இல் டென்னிஸ் பாட்டன் 131 கம்பெனிகளைப் பார்த்தார்: அதிகம் மாசுபடுத்துகிறவர்கள்தான் அதிகம் எழுதுகிறார்கள். 2008இல் கிளார்க்சனும் அவரது குழுவும் மிக அதிகமாக மாசுபடுத்தும் ஐந்து தொழில்களில் 191 கம்பெனிகளைப் பார்த்தார்கள்: சரிபார்க்கக்கூடிய விவரங்களைத் தாமாக முன்வந்து வெளியிடுவதை மட்டும் எண்ணினால், நன்றாக நடந்துகொள்பவர்கள்தான் அதிகம் வெளியிடுகிறார்கள். 2004இல் வந்த இன்னொரு ஆய்வில் நல்ல நடத்தை, நிறைய வெளியீடு, நல்ல லாபம் மூன்றும் கைகோத்து நடக்கின்றன.

இந்த முரணுக்குப் பின்னால் இரண்டு கோட்பாடுகள் உண்டு. நல்லவன் தன் நல்லதைக் காட்டிக்கொள்வான் என்பது ஒன்று. கெட்ட பேர் வாங்கியவன்தான் தன் இருப்பை நியாயப்படுத்தப் பேசிக்கொண்டே இருப்பான் என்பது மற்றது. எதை 'வெளிப்படுத்தல்' என்று எண்ணுகிறோம், வாக்கியங்களையா டன்களையா என்பதைப் பொறுத்து இரண்டுக்குமே சான்று கிடைத்துவிடுகிறது. நிதி நிலை என்பதும் அப்படித்தான். கணக்குப் புத்தகத்து லாபம் ஒன்று, சந்தையில் பங்கு விலை வேறொன்று. இன்னொரு சிக்கலும் உண்டு. கொழுத்த லாபம் பார்க்கிற பெரிய கம்பெனியிடம்தான் வழவழப்பான தாளில் அறிக்கை அச்சடிக்கக் காசும் ஆளும் இருக்கும். அறிக்கையால் லாபமா, லாபத்தால் அறிக்கையா? மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற மாதிரி, எந்த முடிவு வேண்டுமோ அதற்குத் தக்கபடி காரணத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

2015இல் ஏறத்தாழ 2,200 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மூன்று ஆய்வாளர்கள் ஒரு மொத்தக் கணக்கு போட்டார்கள். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றுக்கும் கம்பெனியின் நிதி நிலைக்குமான உறவு சுமார் 90 சதவீத ஆய்வுகளில் 'எதிர்மறையாக இல்லை' என்றார்கள். முதலீட்டு நிறுவனங்கள் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற எண் இது. 'எதிர்மறையாக இல்லை' என்பதில் 'உறவே இல்லை' என்பதும் அடக்கம் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. அளவுகோலின் லட்சணம் 2022இல் வந்த வேறோர் ஆய்வில் தெரிந்தது: கம்பெனிகளுக்கு இத்தகைய மதிப்பெண் போடுகிற ஆறு நிறுவனங்களின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது சராசரியாக 0.54 அளவுக்குத்தான். ஒரே கம்பெனி ஒருவர் கணக்கில் பச்சை, இன்னொருவர் கணக்கில் பழுப்பு.

இந்த மரபிலேயே நம்மைத் தூங்கவிடாத ஆய்வு வேறொன்று. 1994இல் பிளாக்கோனியரும் பாட்டனும் எழுதியது. எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி போபால். போபால் நடந்ததும் அமெரிக்காவில் மற்ற ரசாயனக் கம்பெனிகளின் பங்கு விலைகளும் சரிந்தன. நமக்கும் இப்படி ஒரு விபத்து, புதுச் சட்டம், புதுச் செலவு வந்துவிடுமோ என்று முதலீட்டாளர் பயந்தார். அப்படிச் சரிந்த 47 கம்பெனிகளில், விபத்துக்கு முன்பே தம் நிதி அறிக்கைகளில் சுற்றுச்சூழல் பற்றி விரிவாக எழுதியிருந்தவற்றுக்குச் சரிவு குறைவு. எழுதாதவற்றுக்கு அதிகம். விரிவாக எழுதிய கம்பெனி வரப்போகிற ஒழுங்குமுறைச் செலவைச் சமாளித்துக்கொள்ளும் என்று முதலீட்டாளர் நம்பினார் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஆக, வெளிப்படுத்தல் பலன் தரத்தான் செய்தது. போபாலில் மூச்சு முட்டியவர்களுக்கு அல்ல, போபாலிலிருந்து பங்கு விலைக்கு. அறிக்கை ஒரு முகமூடியாக, வாயு முகமூடியாக வேலை செய்தது. மாட்டிக்கொண்டவர்தான் வேறு ஆள்.

ஆய்வாளர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கம்பெனிகளின் பசப்பை அம்பலப்படுத்தியதில் பாட்டனுக்குப் பெரிய பங்குண்டு. கோளாறு கேள்வியிலேயே இருக்கிறது. வெளிப்படுத்தலுக்கும் லாபத்துக்கும் உறவு உண்டா என்று கேட்கிறபோதே, வெளிப்படுத்தப்படுவதைக் கேட்கிற காது முதலீட்டாளருடையது என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. கருத்தியல் மனிதரை விளித்தே தன்னிலையாக்குகிறது என்றார் அல்தூசர். இங்கே விளிக்கப்படுகிறவர் ஒருவர்தான். விளிக்கப்படாதவர் ஆய்வின் மாறிகளில்கூட வரமாட்டார்.

3

யார் சொல்ல, யார் கேட்க என்று பார்க்கிற பழக்கம் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. அகப்பாடல்களின் அடியில் கூற்றுக் குறிப்பு இருக்கும். அதில் ஒரு வகை உண்டு. தலைவன் சிறைப்புறத்தில், அதாவது வேலிக்கு அந்தப் பக்கம், நிற்கிறான். தோழிக்கு அது தெரியும். அவள் பேசுவது தலைவியிடம். பேச்சு போய்ச் சேர வேண்டியது வேலிக்கு வெளியே நிற்பவனிடம். சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கொள் என்று அவனிடம் நேரே சொல்லாமல், ஊர் தூற்றுகிறது, தாய் காவல் போட்டாள் என்று இவளிடம் சொல்வாள். பாட்டின் முன்னிலை ஒருத்தி, பொருளின் முன்னிலை இன்னொருவன்.

கம்பெனி அறிக்கையின் சுற்றுச்சூழல் பக்கங்கள் இப்படிப்பட்ட சிறைப்புறக் கூற்றுகள். அட்டையில் ஒரு தளிர், ஒரு குழந்தையின் உள்ளங்கை, ஒரு நீர்த்துளி. உள்ளே வருங்காலத் தலைமுறை, நம் மக்கள், நம் பூமி. பேச்சு இவர்களிடம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முதலீட்டாளர், சில சமயம் அதிகாரி. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. அந்த ஆண்டின் அறிக்கைகளில் மற்ற எண்ணெய்க் கம்பெனிகள் சுற்றுச்சூழல் பற்றி முன்னைவிட அதிகமாக எழுதின என்று பாட்டன் 1992இல் காட்டினார். அலாஸ்கா குழாய்ப்பாதைக் கூட்டமைப்பில் பங்கு வைத்திருந்தவை இன்னும் அதிகமாக எழுதின. எண்ணெய் கொட்டியது ஒருவருடைய கப்பலில், பேச்சு வந்தது எல்லோர் வாயிலிருந்தும். அலாஸ்காவின் மீனவருக்காக வந்த பேச்சு என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

வேலி மறுபக்கம் திரும்பிய ஒரு சந்தர்ப்பமும் வரலாற்றில் உண்டு. அதுவும் போபாலிலிருந்து வந்ததுதான். 1985 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரிலிருந்த கார்பைடு ஆலையிலும் வாயு கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். போபால் தூரத்துச் சங்கதி இல்லை என்று அமெரிக்கருக்குப் புரிந்தது. தொழிற்சாலைப் பகுதி மக்களும் தொழிற்சங்கங்களும் ஏற்கெனவே எழுப்பிவந்த 'தெரிந்துகொள்ளும் உரிமை' என்ற கோரிக்கை 1986 அக்டோபரில் சட்டமாயிற்று. ஒவ்வொரு ஆலையும் எந்த நச்சை எத்தனை பவுண்டு காற்றில், நீரில், நிலத்தில் விட்டது என்று ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். கம்பெனி வாரியாக அல்ல, ஆலை வாரியாக. சொல்ல வேண்டியது பங்குதாரருக்கு அல்ல, அரசு வழியாக ஊருக்கு.

1989 ஜூனில் முதல் பட்டியல் பொதுமக்களுக்கு வெளியானது. ஊரிடம் சொன்னதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற முதலீட்டாளர் ஒட்டுக்கேட்டார். அந்த முதல் நாளில், பட்டியலில் இருந்த கம்பெனிகள் பங்கு மதிப்பில் சராசரியாக 41 லட்சம் டாலர் இழந்தன என்று ஜேம்ஸ் ஹாமில்டன் 1995இல் கணக்கிட்டுக் காட்டினார். பங்கு விலையில் பலத்த அடி வாங்கியவர்கள் பிற்பாடு தம் தொழிலில் மற்றவர்களைவிட அதிகமாக நச்சு வெளியேற்றத்தைக் குறைத்தார்கள் என்று கோனாரும் கோஹெனும் 1997இல் எழுதினார்கள். அடி விழும் என்று முன்பே மோப்பம் பிடித்தவர்களும் உண்டு. பட்டியல் வருவதற்கு ஓராண்டு முன்பே, 1988இல், மான்சான்டோ தலைவர் காற்றில் விடுகிற நச்சை 1992 முடிவதற்குள் 90 சதவீதம் குறைப்பதாக அறிவித்தார்.

இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். மூலதனத்தை முன்னிலையாக்கி எழுதிய வெளிப்படுத்தல் மூலதனத்தைத் தேற்றியது. அதன் சரிவைக் குறைத்தது. ஊரை முன்னிலையாக்கி எழுதிய வெளிப்படுத்தல் மூலதனத்தைக் கலங்கடித்தது. புகைபோக்கி வரை போய்க் கைவைத்தது. இரண்டு ஆய்வுகளிலிருந்து இயற்கை விதி ஒன்றும் செய்துவிட முடியாது. சந்தர்ப்பம் வேறு, அளந்த முறை வேறு. ஆனாலும் வெளிப்படுத்தலுக்கும் நிதி நிலைக்குமான உறவு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் ஏன் கிடைப்பதில்லை என்பது இங்கே துலங்குகிறது. 'வெளிப்படுத்தல்' என்று ஒரே பேரிட்டு அழைப்பது இரண்டு வெவ்வேறு பேச்சுகளை.

அமெரிக்கச் சட்டத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்களைத் தருவது ஆலைக்காரரே. பெரும்பாலும் அளந்து அல்ல, மதிப்பிட்டு. எவ்வளவு விடலாம் என்று அந்தச் சட்டம் வரம்பு கட்டவும் இல்லை. இருந்தும் அதே பட்டியல் இன்னொரு வேலைக்கும் பயன்பட்டது. போபாலுக்குப் பிறகு ரசாயனத் தொழில் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள 'பொறுப்பான அக்கறை' என்றொரு சுயகட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட மெதுவாகத்தான் திருந்தினார்கள் என்று கிங்கும் லெனாக்ஸும் 2000இல் இந்தப் பட்டியலின் எண்களை வைத்தே நிறுவினார்கள். ஊருக்காக எழுதிய பிரதி, சந்தைக்காக எழுதிய பிரதியைக் காட்டிக்கொடுத்தது.

4

போபால் நடந்த நாட்டில் என்ன ஆயிற்று?

1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவு சேர்ந்தது. அபாயகரமான தொழில் நடத்துகிறவர் அதன் ஆபத்துகளை, உடல்நலக் கேடுகளை, தடுக்கும் வழிகளைத் தொழிலாளிக்கும் ஆய்வாளருக்கும் உள்ளாட்சிக்கும் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும் வெளிப்படுத்த வேண்டும் என்றது. முன்னிலை யார் என்பதில் மயக்கமே இல்லாத வாசகம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுற்றுச்சூழல் விதிகளில் இன்னொன்று வந்தது. ஆலைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் படிவம் 5இல் தண்ணீர், மூலப்பொருள், கழிவு விவரங்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும். ஆலை வாரியான கணக்கு. ஆனால் முன்னிலை வாரியம்தான். ஊருக்கும் அந்தக் காகிதத்துக்கும் நடுவில் ஒரு பீரோ.

இந்த இரண்டையும் பற்றி எந்தப் பொருளாதார நாளேடும் தலையங்கம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. ஆரவாரமெல்லாம் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கொண்டுவந்த அறிக்கைக்குத்தான். 2012இல் முதல் 100 கம்பெனிகளுக்கு, பிறகு 500, பிறகு 1,000. 2021இல் புது வடிவம், 2022-23 நிதியாண்டிலிருந்து முதல் 1,000 கம்பெனிகளுக்குக் கட்டாயம். முன்பு எதுவும் சொல்லாதிருந்தவர்கள் இப்போது எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த அளவுக்கு லாபம்தான். ஆனால் 'முதல் 1,000' என்பது எதில்? நஞ்சின் அளவில் அல்ல, சந்தை மதிப்பில். பங்குச் சந்தையில் பட்டியலிடாத ஆலை எவ்வளவு கக்கினாலும் இந்தக் கணக்கில் வராது.

உள்ளே போனால் நம் பழைய வகுத்தல் காத்திருக்கிறது. மின்சாரம், தண்ணீர், பசுங்குடில் வாயு எல்லாவற்றையும் ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு இவ்வளவு என்று சொல்ல வேண்டும். விற்பனை இரட்டித்து, தண்ணீர் உறிஞ்சல் ஒன்றரை மடங்கானால் அறிக்கையில் அது முன்னேற்றம். கிணற்றில் அது வறட்சி. கிணற்றுக்குச் சொந்தக்காரர் விற்றுமுதலால் வகுத்துக் குடிப்பதில்லை. தலையாய எண்கள் கம்பெனி முழுக்கவும் கூட்டிச் சொல்லப்படுவதால், குஜராத்தில் இருக்கிற ஆலையும் ஒடிசாவில் இருக்கிற ஆலையும் ஒரே எண்ணுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. இடம் தொலைந்துபோகிறது. இடம் தொலைந்தால் அங்கே இருக்கிற மனிதரும் தொலைந்தார். அறிக்கையைக் கணினி வாசிக்கத்தக்க எக்ஸ்.பி.ஆர்.எல். வடிவத்தில் சந்தையிடம் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. ஆக, முதல் வாசகர் இப்போது மனிதராகக்கூட இருக்க வேண்டியதில்லை.

இது இந்தியாவின் தனிக்குணம் அல்ல. 2023 ஜூனில் சர்வதேச நீடிப்புத்தன்மைத் தர வாரியம் வெளியிட்ட தர விதிகள், அறிக்கையின் பயனாளர் முதலீட்டாளரும் கடன் கொடுப்பவரும்தான் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கின்றன. பருவநிலை கம்பெனியை என்ன செய்யும் என்பதே அங்கே கேள்வி. கம்பெனி பருவநிலையை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு ஆணை. 2025இல் அதன் வீச்சைச் சுருக்கும் யோசனையை ஒன்றியத்தின் ஆணையமே முன்வைத்தது. போட்டியிடும் திறன் பாதிக்கிறதாம்.

5

இதெல்லாம் நமக்கு எதற்கு? நமக்குத்தான் வேண்டும். சூழலியல் பேசுகிற நம் நண்பர்களிடம் சமீப காலமாக ஒரு வாதம் குடிபுகுந்திருக்கிறது: சுற்றுச்சூழலைக் காப்பாற்றினால் கம்பெனிக்கும் லாபம், வெளிப்படையாக இருந்தால் பங்கு விலை ஏறும், ஆய்வுகள் சொல்கின்றன. கருத்தரங்குகளில் நன்றாகத்தான் எடுபடுகிறது. ஆனால் இந்த வாதத்தை வைக்கிறவர், லாபம் இல்லையென்றால் காப்பாற்ற வேண்டியதில்லை என்ற எதிர்வாதத்துக்கும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். கம்பெனியின் ஒரே சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவது என்று 1970இல் மில்டன் ஃப்ரீட்மன் எழுதியபோது நம்மவர்கள் கொதித்தார்கள். 'பச்சையே லாபம்' என்பது அவர் சொன்னதற்கு மறுப்பு அல்ல, அதற்கு அடிக்குறிப்பு. 43 சென்ட் கணக்கில் போபால் மலிவு. மலிவான சாவைத் தடுக்க இந்த வாதத்திடம் ஒரு காரணமும் கிடையாது.

போபாலில் நிஜமான வெளிப்படுத்தல் நடக்காமல் இல்லை. 1982 மே மாதம் கார்பைடின் சொந்த நிபுணர்களே அமெரிக்காவிலிருந்து வந்து ஆலையைச் சோதித்து, ஆபத்துகளைப் பட்டியலிட்டு அறிக்கை எழுதினார்கள். அது கம்பெனிக்குள் இருந்தது. அதே ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி தான் நடத்திய 'ரபட்' என்ற சின்ன இந்தி வாரப் பத்திரிகையில், இந்த ஆலை ஊரைக் கொன்றுவிடும் என்று தொடர்ந்து எழுதினார். ஊரின் மொழியில், ஊரை முன்னிலையாக்கி எழுதியது. அதிகாரத்தில் இருந்தவர்கள் செவிசாய்க்கவில்லை. இங்கே கொடைக்கானலிலும் பாதரசம் கலந்த உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி 2001 மார்ச்சில் அம்பலமானது எந்த அறிக்கையிலும் அல்ல. ஒரு காயலான்கடையில், ஊர்க்காரர்களும் சூழல் இயக்கத்தினரும் போய்ப் பார்த்ததால். ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது.

ஆகவே வெளிப்படுத்தலே வேண்டாம் என்பதல்ல நம் நிலைப்பாடு. அதன் முன்னிலையை மாற்ற வேண்டும் என்பது. கம்பெனி வாரியாக அல்ல, ஆலை வாரியாக. ரூபாயால் வகுக்காமல், மொத்த டன்னில், மொத்த லிட்டரில். பங்குச் சந்தைக்குப் போவதற்கு முன்னால் கிராம சபைக்கு. ஊர் பேசுகிற மொழியில், பஞ்சாயத்துச் சுவரில். படிவம் 5ஐத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கி, அதே கம்பெனியின் செபி அறிக்கையோடு அருகருகே வைத்து வாசிக்கலாம். பிரதிகளை எதிரெதிராக வைத்து மௌனங்களைக் கண்டுபிடிப்பது நமக்குப் பழகிய வேலைதானே. கதை, கவிதைக்குச் செய்ததை இதற்கும் செய்யலாம்.

1988ஆம் ஆண்டறிக்கையில் தீர்ந்துபோன போபால் இன்னும் தீரவில்லை. 2001இல் டௌ கெமிக்கல் கார்பைடை வாங்கியது. போபாலுக்குத் தான் பொறுப்பல்ல என்கிறது. கூடுதல் இழப்பீடு கேட்ட சீராய்வு மனுவை 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. 2025 ஜனவரி முதல் வாரத்தில், ஆலை வளாகத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த சுமார் 337 டன் நச்சுக் கழிவு லாரிகளில் ஏறிப் பீதாம்பூருக்குப் போனது. எங்கள் ஊரில் எரிக்காதே என்று பீதாம்பூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள், தடியடி பட்டார்கள். அந்த ஆண்டு ஜூனுக்குள் கழிவு அங்கேயே எரிக்கப்பட்டது. செலவு அரசாங்கத்துடையது, அதாவது நம்முடையது. எந்தக் கம்பெனியின் எந்தப் பங்கிலும் அது ஒரு சென்ட்டைக்கூடக் குறைக்கவில்லை.